உடன்படலும் ஒரு வினையே



செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என வினை மூவகைப்படும் என்று நம் முன்னோர் வகுத்தனர். மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும் அவற்றைப் பெருக்கி, ஒன்பது வாயில்கள் வழியாகத் தீவினை வந்து சேரும் என்றும், அவ்வொன்பதையும் அடைப்பதே கொல்லாமை நோன்பின் நிறைவு என்றும் கற்பித்தனர். கோடை விடுமுறையில் ஜினாலயத்தில் நடைபெறும் அறநெறி வகுப்பில் இப்பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தும் பேறு நமக்குக் கிட்டியது. முதலிரண்டையும் குழந்தைகள் எளிதில் புரிந்துகொள்வர். எறும்பை மிதிப்பது செய்தல்; தம்பியை ஏவி மிதிக்கச் சொல்வது செய்வித்தல். மூன்றாவதை விளக்குவதுதான் கடினம்.

ஒரு நாள், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், யாரோ எங்கோ கொன்றதை நாம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அதுவும் உடன்பட்டதாகுமா?" என்று வினவினாள். "தெரியாமல் செய்ததற்குப் பாவம் இல்லையம்மா" என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றோம். விடை தெரியாத வினாவுக்கு விடை தெரிந்தாற்போல் நடிக்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்த முதல் விதிகளுள் ஒன்று. அவ்விதியை அன்று நாம் மீறினோம். ஆண்டுகள் பல கடந்தபின், எதிர்பாராத ஒரு வழியில் அவ்வினா நம்மிடம் திரும்பி வந்தது.

முழங்கால் வலியால் நாம் படும் துன்பத்தைக் கேள்வியுற்ற பெயரன், வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒரு புட்டி மாத்திரை கொண்டுவந்து தந்தான். செந்நிறத்தில், மணிபோல் ஒளிரும் மாத்திரைகள். நாள்தோறும் ஒன்றாக நான்கு திங்கள் உட்கொண்டோம். வலி சிறிது குறைந்ததாகவே தோன்றியது. கண் அறுவைக்குப் பின் புதுக் கண்ணாடி வந்த நாளில், கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்க்கும் ஆவலில் அப்புட்டியின் சீட்டையும் படித்தோம். மிகச் சிறிய எழுத்தில், அண்டார்க்டிக் கிரில் எண்ணெய் என்றும், மேலுறை ஜெலட்டின் என்றும் எழுதியிருந்தது.

பெயரனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். "பாட்டி, மீன் எண்ணெய் கூடாதென்று எனக்குத் தெரியும். இது ஏதோ கடற்பாசி என்று நினைத்துவிட்டேன்" என்று வருந்தினான். அவன்மேல் குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை. நான்கு திங்கள் கையிலிருந்த புட்டியை ஒரு முறையேனும் திருப்பிப் பாராதவர் நாம் அல்லவா?

கிரில் என்பது இறாலை ஒத்த சிற்றுயிர். முழு வளர்ச்சி பெற்றதும் ஆறு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். தென் துருவத்தைச் சூழ்ந்த குளிர்கடலில் இது திரள் திரளாக வாழ்கிறது. தொல்காப்பியர் நண்டினை நான்கறிவுயிராக வகுத்தார். கிரிலும் நண்டு, இறால் இவற்றின் சுற்றமே. உலகில் வாழும் உயிர்களுள் மிகப் பெரிதான நீலத் திமிங்கிலத்துக்கு உணவு இச்சிற்றுயிர்தான். அந்த மாபெரும் உயிர் நாளொன்றுக்குப் பல டன் கிரிலை விழுங்குகிறது. நாம் விழுங்கிய செம்மணி திமிங்கிலத்தின் தட்டிலிருந்து எடுத்தது என்று அறிந்தபோது, அக்கடலின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். படிக்கப் படிக்க, அச்சிறுமியின் வினாவே அவ்வரலாற்றின் நடுவில் நிற்பதைக் கண்டோம்.

எண்ணெயால் அளந்த உயிர்

வட துருவக் கடலில் திமிங்கில வேட்டை பதினேழாம் நூற்றாண்டிலேயே பெருந்தொழிலாகிவிட்டது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைச் சூழ்ந்த கடலில் வில்தலைத் திமிங்கிலங்களை ஏறத்தாழ அற்றுப்போகும் அளவுக்குக் கொன்றனர். தென்கடலின் முறை பிறகு வந்தது. வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைப் பீரங்கியிலிருந்து எய்யும் முறையை நார்வே நாட்டவரான ஸ்வென்ட் ஃபொய்ன் 1860களில் உருவாக்கினார். அதன்பின், படகில் துரத்திப் பிடிக்க இயலாத விரைவுடைய நீலத் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் மனிதன் கைக்கு எட்டின. 1904ஆம் ஆண்டில் கார்ல் அன்டன் லார்சன் என்னும் மற்றொரு நார்வேக்காரர் தெற்கு ஜார்ஜியா தீவில் கிரித்விக்கன் என்னும் வேட்டை நிலையத்தை நிறுவினார். 1960களின் நடுவில் வேட்டை ஓயும்வரை அத்தீவில் மட்டும் ஏறத்தாழ 1,75,000 திமிங்கிலங்கள் அறுக்கப்பட்டன.

1925இல் பின்புறம் சாய்தளம் அமைந்த ஆலைக்கப்பல் வந்தது. வேட்டையாடிய உடலைக் கரைக்கு இழுத்துச் செல்லத் தேவையின்றி, நடுக்கடலிலேயே கப்பலின்மேல் ஏற்றி அறுத்துக் காய்ச்சினர். 1930-31 வேட்டைப் பருவத்தில் மட்டும் தென்கடலில் 40,000க்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அவற்றுள் 29,000க்கு மேற்பட்டவை நீலத் திமிங்கிலங்கள். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உலகக் கடல்களில் கொல்லப்பட்டவை ஏறத்தாழ 29 இலட்சம் என அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். தென் அரைக்கோளத்தின் பங்கு அதில் 20 இலட்சத்துக்கு மேல். வேட்டை தொடங்குமுன் தென்கடலில் ஏறத்தாழ 2,39,000 நீலத் திமிங்கிலங்கள் வாழ்ந்திருக்கலாம் என்றும், 1970களின் தொடக்கத்தில் சில நூறே எஞ்சின என்றும் மதிப்பிடுகின்றனர்.

நீலத் திமிங்கிலம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே கன்றை ஈனும். ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, அரையாண்டுக்கு மேல் பாலூட்டும். கன்று நாளொன்றுக்கு எண்பது, தொண்ணூறு கிலோ எடை ஏறும் அளவுக்குத் தாய்ப்பால் செறிவுடையது. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் அது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், அவ்வுயிரை எண்ணியவர்கள் உயிராக எண்ணவில்லை. வேட்டை நாடுகள் தம்முள் ஓர் அளவையை ஏற்படுத்திக்கொண்டன. 'நீலத் திமிங்கில அலகு' என்பது அதன் பெயர். ஒரு நீலத் திமிங்கிலம் இரண்டு துடுப்புத் திமிங்கிலங்களுக்குச் சமம். இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்குச் சமம். ஆறு சேய்த் திமிங்கிலங்களுக்குச் சமம். எதனால் சமம்? எண்ணெயின் அளவால் சமம். இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில், ஆண்டுக்கு 16,000 அலகு வரை கொல்லலாம் என வரம்பு கட்டினர். எவ்வகைத் திமிங்கிலம் எத்தனை எஞ்சியுள்ளது என்று அவ்வரம்பு கேட்கவில்லை. ஒரு துரத்தலில் ஓர் அலகு கிடைக்கும் என்பதால், அருகி வந்த நீலத் திமிங்கிலத்தையே மேலும் தேடிக் கொன்றனர். அது அருகியபின் துடுப்புத் திமிங்கிலம். அதுவும் அருகியபின் சேய்த் திமிங்கிலம். பல்லாண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய நாம், ஓர் அலகின் பெயருக்குள் இத்தனை கொடுமை அடங்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

கொன்றவர் யார்?

அந்த எண்ணெய் எங்கே சென்றது? முற்காலத்தில் விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்கு மசகாகவும் பயன்பட்டது. மண்ணெண்ணெய் வந்தபின் அத்தேவை குறைந்தது. வேட்டை அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால், நீர்ம எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் திமிங்கில எண்ணெய் சவர்க்காரமாயிற்று. வெண்ணெய்க்கு மாற்றாக ரொட்டியில் தடவும் மார்கரின் ஆயிற்று. முதல் உலகப் போரில், வெடிமருந்துக்கு வேண்டிய கிளிசரினுக்கு மூலப்பொருளும் ஆயிற்று.

இங்கேதான் சிறுமியின் வினா எழுகிறது. ஈட்டியை எய்தவன் செய்தான். கப்பலையும் ஆளையும் அனுப்பிய முதலாளி செய்வித்தான். இவற்றில் ஐயமில்லை. ஆனால் லண்டனிலோ பெர்லினிலோ ஒரு தொழிலாளியின் மனைவி, வெண்ணெய் வாங்கப் பொருளின்றி, மலிவான மார்கரினை வாங்கித் தன் குழந்தையின் ரொட்டியில் தடவினாள். அவள் திமிங்கிலத்தைப் படத்தில்கூடக் கண்டிருக்க மாட்டாள். எண்ணெயின் மணமும் நிறமும் நீக்கப்பட்டு, அது எவ்வுயிரின் உடல் என்னும் அடையாளமே இல்லாமல் அவள் கைக்கு வந்தது. அவள் உடன்பட்டவளா?

இவ்வினா நமக்குப் புதியதன்று. தான் கொல்லாத உயிரின் ஊனை உண்பவனுக்குப் பழி உண்டா, இல்லையா என்னும் வாதம் நம் நீலகேசிக் காப்பியத்தில் நிகழ்கிறது. கொன்றவன் வேறு, உண்பவன் வேறு என்னும் பௌத்தர் கூற்றை நீலகேசி மறுக்கிறாள். வாங்குவார் இலராயின் விற்பாரும் இலர் என்னும் கருத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் வலியுறுத்துகிறது. வாங்கும் கை நீளும் வரை கொல்லும் கை ஓயாது. இது அறநூலின் கருத்து மட்டுமன்று. தென்கடல் வரலாறும் இதையே காட்டுகிறது. மார்கரின் வேண்டாமென்று உலகம் சொல்லியிருந்தால் 1930-31இன் ஆலைக்கப்பல்கள் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டிருக்க மாட்டா.

ஆயினும், ஏழைத் தாயைக் கொலையாளியோடு ஒரே தட்டில் நிறுத்த நம் அறம் சொல்லவில்லை. கொலையின் வேர் பிரமாதம் என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டினார். இன்று நாம் விருந்துண்டபின் "பிரமாதம்!" என்று பாராட்டுகிறோம். வடமொழியில் அச்சொல்லுக்குப் பொருள் விழிப்பின்மை, கவனக்குறைவு என்பதாகும். அமிர்தசந்திர ஆசாரியரும் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனையே விரித்தார். விழிப்போடு நடப்பவனால் தவறி ஓர் உயிர் மாய்ந்தால் அவனைக் கொலைவினை பற்றாது. விழிப்பின்றி நடப்பவனை, ஓர் உயிரும் மாயாவிடினும், கொலைவினை பற்றும்.

இவ்வளவையைக் கொண்டு நோக்கினால், அறியாமையும் இருவகை என்பது விளங்கும். தேடியும் அறிய இயலாமை ஒன்று. அறியலாம் என்றிருந்தும் திரும்பிப் பாராமை மற்றொன்று. மார்கரின் வாங்கிய தாயின் அறியாமை பெரும்பாலும் முதல் வகை. அவளிடம் மறைத்தவர்களே அப்பழியின் பெரும்பங்கைச் சுமக்க வேண்டும். நான்கு திங்கள் புட்டியைத் திருப்பிப் பாராத நம் அறியாமை இரண்டாம் வகை. அதற்குப் பெயர் பிரமாதம்.

பொய்க் கணக்கு

அறியாமையைத் திட்டமிட்டு உண்டாக்கியோரும் இருந்தனர். அவ்வரலாற்றையும் இங்கே கூற வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாட்டின் வேட்டைக் கப்பல்கள் தென்கடலுக்குச் சென்றன. கொன்ற திமிங்கிலங்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு நாடும் பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். தென் அரைக்கோளத்தில் தாம் கொன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 2,710 என்று சோவியத் தரப்பு அறிவித்தது. உண்மையில் கொன்றவை 48,000க்கு மேல். 1959 முதல் 1961 வரையிலான இரண்டே பருவங்களில் ஏறத்தாழ 25,000 கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மாய்ந்தன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்த அறிவியலார், திமிங்கிலங்கள் திடீரென்று எங்கே மறைந்தன என்று அறியாமல் திகைத்தனர்.

இத்தனையும் எதற்காக? மாஸ்கோவில் வகுத்த திட்டத்தின் எண்ணிக்கையை நிறைவேற்றுவதற்காக. ஊனுக்கும் எண்ணெய்க்கும் இருந்த தேவையைவிட ஏட்டில் எழுத வேண்டிய எண்ணே பெரிதாயிற்று. அறுத்த உடலில் பெரும்பகுதியைக் கடலிலேயே எறிந்ததும் உண்டு.

அக்கப்பல்களில் பணியாற்றிய அறிவியலார் சிலர் உண்மைக் கணக்கின் படிகளை மறைவாகப் பாதுகாத்தனர். சோவியத் ஆட்சி மறைந்தபின், 1993இல் அறிஞர் அலெக்சி யாப்லகோவ் உண்மையை உலகறியச் செய்தார். கொல்லாமையும் வாய்மையும் தனித்தனி நோன்புகள் எனினும், ஒன்றை விட்டு ஒன்று நிற்காது என்று நம் நூல்கள் கூறுவதன் பொருளை இவ்வரலாறு நமக்கு விளக்கியது. பொய்க் கணக்கின் நிழலில்தான் பெருங்கொலை வளர்ந்தது. எங்கோ ஒரு வீட்டில் ஒளித்து வைத்த உண்மைக் கணக்கு, பிற்காலத்தில் எஞ்சிய உயிர்களைக் காக்கத் துணை செய்தது.

பட்டினியும் நோன்பும்

வேட்டை எவ்வாறு ஓய்ந்தது? 1946இல் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, திமிங்கிலங்களைக் காத்து அதன்வழி வேட்டைத் தொழிலை ஒழுங்குற வளர்ப்பதையே நோக்கமாகக் கூறியது. 1960களின் நடுவில் தென்கடலில் நீலத் திமிங்கிலத்தைக் கொல்லலாகாது என விதித்தனர். அப்போது கொல்வதற்கு அவ்வுயிர் ஏறத்தாழ இல்லை. 1982 ஜூலையில், வணிக வேட்டையை நிறுத்திவைக்கும் தீர்மானம் 25 நாடுகளின் ஆதரவோடும் 7 நாடுகளின் எதிர்ப்போடும் நிறைவேறியது. 5 நாடுகள் வாக்களிக்கவில்லை. ஆதரித்த நாடுகளுள் நம் பாரதமும் ஒன்று. 1985-86 பருவம் முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. 1994இல் தென்கடல் முழுவதும் திமிங்கிலங்களின் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

அதன்பின்னும் ஜப்பான், ஆராய்ச்சியின் பெயரால் தென்கடலில் வேட்டையைத் தொடர்ந்தது. அவ்வேட்டைத் திட்டம் அறிவியல் நோக்கத்துக்கானதாக இல்லை என்று 2014இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் ஜப்பான் ஆணையத்திலிருந்து விலகித் தன் கடற்பகுதிக்குள் மட்டும் வணிக வேட்டையை மேற்கொண்டது. அது முதல் தென்கடலில் எந்த நாடும் திமிங்கிலத்தை வேட்டையாடுவதில்லை.

இதை அறத்தின் வெற்றி என்று கொண்டாடலாமா? இதைக் குறித்து நாம் நெடுநாள் சிந்தித்தோம். உணவு கிடைக்காமல் பட்டினி கிடப்பவன் நோன்பி ஆகமாட்டான். உணவு முன்னே இருந்தும், பசியிருந்தும், வேண்டாமென்று விடுத்தவனே நோன்பி. தாவர எண்ணெய்கள் மலிந்தன, திமிங்கிலங்கள் அருகின, கப்பலை அனுப்பும் செலவுக்கு வருவாய் கட்டவில்லை. பல நாடுகள் வேட்டையைக் கைவிட்டதற்கு இவையே முதற்காரணங்கள். அது பட்டினியே அன்றி நோன்பன்று.

எனினும், முழுவதும் அவ்வாறே என்றும் சொல்வதற்கில்லை. 1970இல் ரோஜர் பெய்ன் என்னும் அறிஞர் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டார். கடலைக் காணாதவர்களும் அக்குரலைத் தம் வீட்டில் கேட்டனர். எண்ணெய் அலகாக இருந்தது அவர்கள் செவியில் உயிராக மாறியது. திமிங்கிலங்களைக் காக்க வேண்டும் என்று தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தவர்களுள் பலருக்கு அவ்வுயிரால் ஓர் ஊதியமும் இல்லை. அந்தப் பகுதி நோன்பு. பட்டினி நோன்பாக மாறுவதற்கு ஒரு வழி உண்டு: உணவு மீண்டும் வந்து முன்னே நிற்கும்போதும் வேண்டாமென்று சொல்வது.

அந்தத் தேர்வு இப்போது வந்திருக்கிறது. திமிங்கிலங்கள் மெல்ல மீளுகின்றன. 1998இல் தென்கடலில் நீலத் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 2,280 என்று மதிப்பிட்டனர். முன்னிருந்ததில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை, எனினும் வளர்முகம். 2020இல் தெற்கு ஜார்ஜியா தீவை அடுத்த கடலில் ஆராய்ச்சியாளர்கள் 55 நீலத் திமிங்கிலங்களைக் கண்டு பதிவு செய்தனர். கிரித்விக்கன் நிலையம் துருப்பிடித்து நிற்க, அதன் கடலில் அவ்வுயிர்கள் மீண்டும் மூச்செறிகின்றன.

ஆனால், அவற்றின் உணவை நாடி வேறு கப்பல்கள் வந்துவிட்டன. பண்ணை மீன்களுக்குத் தீவனமாகவும், நம்மைப் போன்றோரின் முழங்காலுக்கும் இதயத்துக்கும் மாத்திரையாகவும் கிரில் பிடிக்கப்படுகிறது. அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளக் காப்பு ஆணையம், முதன்மையான பிடிப்புப் பகுதிக்கு ஆண்டுக்கு 6,20,000 டன் என வரம்பு கட்டியுள்ளது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் முதன்முறையாக அவ்வரம்பு எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்பே பிடிப்பு நிறுத்தப்பட்டது. கடலில் உள்ள கிரிலின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கே என்று அத்தொழிலில் உள்ளோர் கூறுவர். அது உண்மையே. ஆயினும், கப்பல்கள் கடலெங்கும் பரவி நிற்பதில்லை. கிரில் அடர்ந்த இடத்தில் குவிகின்றன. திமிங்கிலங்களும் பெங்குவின்களும் உண்ண வரும் இடமும் அதுவே. 2021இல் இளம் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சில அவ்வலைகளில் சிக்கி இறந்தன. குளிர்காலத்தில் இளங்கிரில் உணவும் ஒதுங்கிடமும் பெறும் கடற்பனியும் குறைகிறது. 2023இல் அது முன்னெப்போதும் அளந்தறியாத அளவுக்குச் சுருங்கியது.

இன்னொரு செய்தியும் நம் சிந்தனைக்குரியது. திமிங்கிலங்கள் அழிந்தபோது, அவற்றுக்கு இரையான கிரில் பெருகும் என்றே பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு பெருகவில்லை. திமிங்கிலத்தின் கழிவில் இரும்புச் சத்து மிகுதி என்றும், அது கடலின் மேற்பரப்பில் நுண்பாசிகளுக்கு உரமாகிறது என்றும், அப்பாசியை உண்டே கிரில் வாழ்கிறது என்றும் அறிஞர்கள் விளக்கம் கூறுகின்றனர். உண்ணும் உயிர் உண்ணப்படும் உயிருக்கும் வாழ்வளித்தது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்று நம் சமயம் கூறுவதை, இரும்புச் சத்தின் மொழியில் அக்கடலும் கூறுகிறது.

இரண்டு மறுப்புகள்

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, எல்லாவற்றையும் ஆராய்ந்தே வாங்க வேண்டுமெனில் இல்லறத்தார் வாழ்வது எவ்வாறு என்பது. முழுமையான விழிப்பு முனிவர்க்கே கைகூடும். இல்லறத்தார்க்கு அணுவிரதம் வகுத்ததே அதனால்தான். ஆனால் அணு என்றால் சிறிது என்று பொருளே தவிர, இல்லை என்று பொருளன்று. அரிசியில் கல் பொறுக்கும் வேளையில் நூற்றில் ஒரு பங்கு போதும், ஒரு புட்டியின் சீட்டைப் படிக்க. நீரை வடிகட்டிப் பருகும் மரபில் வந்த நமக்கு இது புதிய சுமையன்று. அதே வடிகட்டியைக் கடைவாயிலுக்கும் கொண்டுசெல்வதே.

இரண்டாவது, வட துருவத்தில் வாழும் மக்கள் இன்றும் திமிங்கிலத்தைக் கொன்று உண்கிறார்களே, அவர்களை என் செய்வது என்பது. அலாஸ்காவின் இனுப்பியாக் மக்கள், பயிர் விளையாத உறைபனி நிலத்தில், ஆணையம் வகுத்த அளவுக்குட்பட்டு வில்தலைத் திமிங்கிலத்தை வேட்டையாடி ஊரே பகிர்ந்துண்கின்றனர். அவ்வுயிர் இருநூறு ஆண்டுக்கு மேலும் வாழவல்லது. 2007இல் பிடிபட்ட ஒன்றின் உடலில், நூறாண்டுக்கு முன் எய்த ஈட்டிக்குண்டின் துண்டு புதைந்திருந்தது. அத்தகைய உயிரைக் கொல்வதை நாம் நல்வினை என்று கூற இயலாது. ஆயினும், வேறு வழியற்ற நிலத்தில் உண்பவரையும், நெல்லும் பயறும் எள்ளும் விளையும் நாட்டில் இருந்துகொண்டு செம்மணி விழுங்குபவரையும் ஒரே கோலால் அளத்தல் நேர்மையன்று. அவர்களுக்குத் தீர்ப்புக் கூறுவதற்கு முன் நம் அலமாரியைத் திறந்து பார்ப்பதே நமக்குரிய கடமை.

அச்சிறுமிக்குரிய விடை

நம் அலமாரியில் அப்புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மாத்திரை எஞ்சியிருந்தது. "வாங்கியாயிற்று, உயிர் போயும் ஆயிற்று. எஞ்சியதைச் சாப்பிடுவதால் புதிதாக எவ்வுயிர் போகப் போகிறது? எறிந்தால் அதுவும் வீண்தானே?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். அன்பினால் கேட்டார், நம் முழங்காலின் துன்பத்தை அவர் அறிவார். நாமும் இரண்டு நாள் தடுமாறினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சிந்தித்துப் பார்த்தால், நீலகேசி மறுத்த வாதம் அதுவே அல்லவா? அறியுமுன் உண்டது கவனக்குறைவு. அறிந்தபின் உண்பது உடன்பாடு. ஒரே புட்டியின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையே அந்த எல்லைக்கோடு விழுந்துவிட்டது. அக்கோட்டைக் கடக்க நமக்கு மனம் துணியவில்லை.

மாத்திரைகளை மண்ணில் புதைத்தோம். பிரதிக்கிரமணத்தில் அந்த நான்கு திங்களையும் நினைந்து வருந்தினோம். மருத்துவரிடம் உண்மையைக் கூறினோம். அவர் காலைநடையையும் சில பயிற்சிகளையும் சொல்லித் தந்தார். வலி முழுவதும் நீங்கிவிட்டது என்று கூறினால் அது பொய். படியேறும்போது இன்றும் வலிக்கிறது. அவ்வலியோடு ஏறுகிறோம்.

புட்டியை மட்டும் எறியவில்லை. கழுவித் துடைத்து, சீட்டு கிழியாமல் வைத்திருக்கிறோம். வரும் கோடை வகுப்பில் அதுவே நம் பயிற்றுத் துணைக்கருவி. குழந்தைகளிடம் அதைக் கொடுத்து, "இதில் எந்த உயிர் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று கேட்கப்போகிறோம்.

அன்று வினவிய சிறுமி இப்போது எங்கோ ஒரு குடும்பத்தலைவியாக இருப்பாள். இவ்விதழ் அவள் கைக்கு எட்டுமாயின், காலம் தாழ்ந்த இவ்விடையை ஏற்றுக்கொள்ளட்டும். அம்மா, தேடியும் தெரியாதவற்றுக்காக நீ அஞ்ச வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வழியிருந்தும் திரும்பிப் பாராமல் வாங்கினால், அந்தப் பாராமையே ஒரு வினை. தெரிந்தபின் வாங்கினால் அது உடன்படல். முன்பு நாம் சொன்ன விடை தவறு. பொறுத்தருள்க.

வாங்கும் கையும் நோன்பு பூணுக! எவ்வுயிரும் இனிது வாழ்க! அறம் வளர்க!